கல்யாணப் பெண்ணுக்கு இரும்பு மோதிரம், காதலிக்கு 60,000 பவுன் முத்து: ரோமானியர் கணக்கு என்ன கணக்கு?

கூழாங்கல் (இழையைத் தொடங்கியவர்)

இரண்டு நாளாக ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. இங்கே கொட்டிவிடுகிறேன்.

கி.மு. 59. ஜூலியஸ் சீசர் முதல் முறை கான்சல், அதாவது ரோமின் உச்சப் பதவிக்கு வந்த வருஷம். அந்த வருஷம் அவர் செர்விலியா என்ற பெண்ணுக்கு ஒரே ஒரு முத்து வாங்கிக் கொடுத்தார். விலை 60 லட்சம் செஸ்டெர்ஸ் (ரோம நாணயம்). எழுதி வைத்தவர் ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ். சீசருக்கு எல்லாரையும்விட இவள் மேல்தான் பிரியம் அதிகம் என்றும் கூடவே சொல்லிவிடுகிறார். செர்விலியா யார் என்றால், பின்னாளில் சீசரைக் கொல்லக் கத்தியோடு வந்த புரூட்டஸைப் பெற்றவள். சீசரைக் கண்டாலே ஆகாத செனட்டர் கேட்டோவுக்கு ஒரே தாய் வயிற்று அக்கா.

இவர்கள் விஷயம் ஊருக்கே தெரியும். கி.மு. 63இல் செனட் சபை நடந்துகொண்டிருக்கும்போது சீசர் கைக்கு ஒரு சீட்டு வருகிறது. அரசைக் கவிழ்க்கப் பார்த்த சதிகாரர்களிடமிருந்து வந்த கடிதம், சத்தமாகப் படி என்று கேட்டோ எகிறுகிறார். சீசர் பேசாமல் சீட்டை அவரிடமே நீட்டுகிறார். பார்த்தால் அக்கா எழுதிய காதல் கடிதம்! ‘பிடி, குடிகாரா’ என்று கேட்டோ திருப்பி எறிந்ததாக புளூட்டார்க் சொல்கிறார்.

என் குடைச்சல் இதுதான். முத்து கொடுத்த அதே கி.மு. 59இல்தான் சீசர் கல்பூர்னியாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அவள் கைக்கு என்ன வந்தது என்று எந்த வரலாற்றாசிரியரும் மெனக்கெட்டு எழுதவில்லை. பொதுவாக ரோமில் நிச்சயம் செய்த பெண்ணுக்கு அனுப்பியது இரும்பு மோதிரம். கல்கூடப் பதிக்காதது. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து ரோம எழுத்தாளர் பிளினி எழுதும்போதும் அந்த வழக்கம் இருந்தது.

மனைவிக்கு இரும்பு, காதலிக்கு முத்து. இது சீசர் என்ற ஒரு மனுஷனின் குணமா, இல்லை ரோமில் காதல் பரிசு என்றாலே வீட்டுக்கு வெளியே போகிற சரக்குதானா?

---

பட்டறை_மாமா

தம்பி, செஸ்டெர்ஸ் என்று சொன்னால் எனக்கு ஒன்றும் ஓடாது. எடையில் சொல்லுங்கள் என்று கேட்க வந்தேன், அப்புறம் நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டேன்.

100 செஸ்டெர்ஸ் சேர்ந்தால் ஒரு ஆரியஸ் பொற்காசு. சீசர் கடைசிக் காலத்தில் அடித்த ஆரியஸ், ஒரு ரோம ராத்தலில் 40இல் ஒரு பங்கு. ரோம ராத்தல் சுமார் 327 கிராம். வகுத்துப் பாருங்கள், 8 கிராமும் துளியும். அச்சு அசல் நம் ஒரு பவுன்!

ஆகவே 60 லட்சம் செஸ்டெர்ஸ் என்றால் 60,000 பவுன். கிட்டத்தட்ட 480 கிலோ தங்கம், ஒரு முத்துக்கு. தலைப்பில் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்.

இப்போது கடையில் தட்டு நிறைய உருண்டை முத்து பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த விலை பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். அதெல்லாம் வளர்ப்பு முத்து. சிப்பிக்குள் கருவை வைத்து மனிதன் விளைய வைப்பது. அந்தக் காலத்தில் மூழ்கி எடுத்து, மூட்டை மூட்டையாகச் சிப்பி அறுத்து, அதில் என்ன கிடைக்கிறதோ அதுதான். பெரும்பாலும் பொடியும் கோணலும். உருண்டையாகவும் பெரிதாகவும் நீரோட்டத்தோடும் ஒன்று வந்தால் அது குலுக்கல் சீட்டில் முதல் பரிசு விழுந்த மாதிரி. நாம் ஆணிமுத்து என்கிறோமே, அதற்கு ரோமில் ‘ஊனியோ’ என்று பெயராம். ஒன்றே ஒன்று என்று அர்த்தம். ஜோடி கிடைக்காது என்பதை யாரோ பட்டறையில் உட்கார்ந்தவன்தான் சொல்லியிருப்பான்.

---

சும்மா_பார்க்கிறேன்

மாமா கணக்கோடு என் பங்கும் ஒன்று. சீசர் சம்பளத்தை இரட்டிப்பாக்கிய பிறகு ஒரு படைவீரனுக்கு வருஷத்துக்கு 225 டெனாரியஸ், அதாவது 900 செஸ்டெர்ஸ். அந்த முத்து 6,666 பேருடைய ஒரு வருஷச் சம்பளம். ஒரு லீஜியனையே (ரோமப் படைப்பிரிவு) வருஷம் முழுக்க வைத்து, மிச்சமும் இருக்கும்.

என் கேள்வி வேறு. இரண்டு வருஷம் முன்பு வரை இவர் கழுத்தளவு கடனில் இருந்தவர் இல்லையா? பணம் எங்கிருந்து வந்தது?

---

கூழாங்கல்

அது ருசியான இடம். கி.மு. 61இல் ஸ்பெயினுக்கு ஆளுநராகக் கிளம்பும்போது கடன்காரர்கள் வாசலை மறித்துவிட்டார்கள். பெரும் பணக்காரர் கிராசஸ் 830 டாலெண்ட்டுக்கு (பெருந்தொகைகளை எண்ணும் அளவு) ஜாமீன் நின்ற பிறகுதான் ஊரை விட்டே நகர முடிந்தது. அது சுமார் 2 கோடி செஸ்டெர்ஸ்.

கான்சல் ஆனதும் காற்று திரும்பிவிட்டது. எகிப்து ராஜா 12ஆம் தாலமி (கிளியோபாட்ராவின் அப்பா) தன் சிம்மாசனத்துக்கு ரோமின் அங்கீகாரம் வாங்க, சீசருக்கும் தளபதி பொம்பேயஸுக்குமாக ஏறக்குறைய 6,000 டாலெண்ட் கொடுத்தான். இன்னொரு குற்றச்சாட்டும் அதே சூட்டோனியஸ் வைக்கிறார். முதல் கான்சல் பதவியின்போது கேப்பிட்டல் கோயிலிலிருந்து 3,000 ராத்தல் தங்கத்தைத் திருடிவிட்டு, அதே எடைக்கு முலாம் பூசிய வெண்கலத்தை வைத்தாராம்.

உண்மையோ அவதூறோ, ஒரே ஆசிரியர், ஒரே வருஷம். ஒரு பக்கம் கோயில் தங்கம் போகிறது, இன்னொரு பக்கம் முத்து வருகிறது.

---

பட்டறை_மாமா

அதே எடைக்கு வைத்தார் என்றால் கட்டி பெரிதாகிவிடுமே! தங்கத்தின் கனத்தில் வெண்கலம் பாதிகூட வராது. எடை சரியாக இருக்கும், அளவு இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். எந்தக் காவல்காரனும் கவனிக்கவில்லையா? இதை நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒன்று, கதை எழுதியவர் உரைகல்லைத் தொட்டதில்லை. இல்லையென்றால் கோயில் ஆட்களும் கூட்டு.

---

நீலாம்பல்

‘காதல் பரிசு, காதல் பரிசு’ என்று எல்லாரும் சொல்லிக்கொண்டே போகிறீர்கள். எனக்கு அந்த வார்த்தை மேலேயே சந்தேகம்.

அதே கி.மு. 59இல் சீசர் தன் மகள் ஜூலியாவைப் பொம்பேயஸுக்குக் கட்டிக்கொடுத்தார். ஜூலியாவுக்கு ஏற்கெனவே வேறு ஒருவனோடு நிச்சயம் ஆகியிருந்தது. அவன் பெயர் செர்விலியஸ் கேப்பியோ. புரூட்டஸ் தத்துப் போன குடும்பத்தின் பெயரும் கேப்பியோதான். அதனால் கழற்றிவிடப்பட்ட மாப்பிள்ளை புரூட்டஸே என்று ஒரு தரப்பு ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. அது சரியாக இருந்தால் அந்த முத்து என்னவாகிறது? சம்பந்தத்தை முறித்துவிட்டு, பையனின் அம்மாவிடம் போய்ச் சமாதானம் பேசிய செலவு. நிச்சயத்தை முறித்தால் நம்மூரில் பஞ்சாயத்து வைத்துத் தண்டம் கட்ட வைப்பார்கள். இவர் முத்தாகக் கட்டினார்.

இன்னொன்று, ஏன் முத்து? ஏன் தங்கமோ மரகதமோ இல்லை? கி.மு. 61இல் பொம்பேயஸ் கிழக்கை ஜெயித்துவிட்டு வந்து நடத்திய வெற்றி ஊர்வலத்தைப் பாருங்கள். முத்தால் செய்த கிரீடங்கள் 33. பொம்பேயஸின் முகமே முத்தால் இழைத்த உருவமாக வந்தது. ரோமில் முத்துப் பைத்தியம் பிடித்ததே அந்த ஊர்வலத்துக்குப் பிறகுதான் என்று பிளினி குறைப்பட்டுக்கொள்கிறார். அப்படியானால் இரண்டே வருஷத்தில் அதே பொம்பேயஸின் மாமனார் ஊரிலேயே விலை உயர்ந்த முத்தை வாங்குவது செர்விலியாவுக்கு மட்டும் சொன்ன செய்தி இல்லை.

---

கூழாங்கல்

அக்கா, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உறவு அந்த ஒரு வருஷத்தோடு முடியவில்லையே. பிற்பாடு உள்நாட்டுப் போர் சமயத்தில், எதிரிகளிடம் பறித்த நிலங்களை ஏலம் விட்டபோது செர்விலியாவுக்கு அடிமாட்டு விலைக்கு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போயிருக்கிறது. என்ன இவ்வளவு மலிவு என்று கேட்டவர்களிடம் பேச்சாளர் சிசரோ, ‘மூன்றில் ஒன்று கழித்த விலை’ என்றார். லத்தீனில் மூன்றில் ஒன்றுக்குத் ‘டெர்ஷியா’. செர்விலியாவின் மகள் பெயரும் டெர்ஷியா. மகளையும் சீசரிடம் அனுப்பிவைத்தாள் என்று ஊர் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

---

நீலாம்பல்

அந்த ஜோக்கை ரசித்து எடுத்துப் போட்டீர்கள் பாருங்கள், அதையேதான் சொல்ல வந்தேன். ரோமப் பெண்களின் நகையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி யாரோ ஒரு ஆம்பளை வயிறெரிந்தோ கிண்டலடித்தோ எழுதியது. செர்விலியா அந்த முத்தைக் காதில் போட்டாளா, பெட்டியில் வைத்தாளா, விற்றுத் தின்றாளா? ஒரு வரி இல்லை. விலை மட்டும் இருக்கிறது.

---

வாய்தா

தொழில் வக்கீல், பொழுதுபோக்கு ரோமச் சட்டம். கூழாங்கல் கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. பதில் சட்டத்திலேயே இருக்கிறது.

ரோமில் கணவன் மனைவிக்கோ, மனைவி கணவனுக்கோ கொடுக்கும் பரிசு செல்லாது. அன்பளிப்பாக ஒரு நகையைக் கழுத்தில் போட்டுவிட்டாலும் சட்டப்படி அது கொடுத்தவனுடையதுதான், எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம். பிறந்தநாளுக்கு, மார்ச் முதல் தேதி பெண்கள் பண்டிகைக்கு அளவாக ஏதாவது கொடுத்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். மற்றபடி 60,000 பவுனெல்லாம் நடக்காது. நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே கொடுத்தது நிற்கும், ஏனென்றால் அப்போது அவள் இன்னும் மனைவி இல்லை.

இதற்கு உல்பியான் என்ற சட்ட நிபுணர் சொல்லும் காரணம் அழகு. தம்பதிகள் ஒருவர் மேல் ஒருவர் வைத்த ஆசையால் மாறி மாறிக் கொள்ளை போய்விடக் கூடாதாம். அன்பை அளந்து வைக்காமல் கொடுத்துவிடுவார்களே என்ற பயம்.

அடுத்தது பபீனியன், இன்னொரு சட்ட நிபுணர். மனைவியல்லாத துணைக்கு, வைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், கொடுத்த பரிசைத் திரும்ப வாங்க முடியாது என்கிறார். கொடுத்தால் கொடுத்ததுதான்.

ஆக, சீசர் அதே முத்தைக் கல்பூர்னியாவுக்குக் கொடுத்திருந்தால் அது பரிசே ஆகியிருக்காது. செர்விலியாவுக்குக் கொடுத்ததால்தான் பரிசு ஆனது.

---

சும்மா_பார்க்கிறேன்

சார், ஒரு நிமிஷம். புருஷன் திடீரென்று செத்துப்போனால் மனைவி கழுத்தில் இருந்த நகை என்ன ஆகும்? வாரிசுகள் வந்து கழற்றிக்கொண்டு போவார்களா?

---

வாய்தா

ரொம்பக் காலம் அப்படித்தான் நிலைமை. உயிலில் ‘இது அவளுக்கு’ என்று எழுதி வைத்தால் பிழைத்தாள், இல்லையென்றால் வாரிசுகளோடு வழக்கு. கி.பி. 206இல்தான் செனட் ஒரு தளர்வு கொடுத்தது: கொடுத்தவன் மனதை மாற்றிக்கொள்ளாமலே இறந்துவிட்டால் பரிசு நிலைக்கும். விவாகரத்து ஆனால் பழைய கதைதான்.

நகையைத் திருப்பிக் கேட்கும் வழக்கு எங்கள் பக்கத்து கோர்ட்டிலும் மாசத்துக்கு நாலு வரும். யார் போட்டது, எந்த வீட்டுச் சீர், பில் யார் பேரில் என்று. அன்றைக்கு ரோமில் எனக்கு வருமானம் குறையாது.

---

கொற்கை_வேந்தன்

எல்லாரும் ஒரு விஷயத்தை மறைக்கிறீர்கள். அந்த முத்து எங்கள் கொற்கை முத்து! பாண்டிய நாட்டு முத்து இல்லாமல் ரோமே இல்லை. சீசர் காதலித்தது தமிழன் மூழ்கி எடுத்த முத்தால்தான். இதைப் பாடப் புத்தகத்தில் போடாதது யார் சதி?

---

கூழாங்கல்

வேந்தரே, ஆசை எனக்கும் உண்டு. ஆனால் சூட்டோனியஸ் விலையைச் சொன்னாரே தவிர, முத்து எந்தக் கடல் என்று சொல்லவில்லை. பாரசீக வளைகுடாவிலும் செங்கடலிலும்கூட முத்து எடுத்தார்கள். எகிப்து ரோமின் கைக்கு வந்தது கி.மு. 30இல். பருவக்காற்றைப் பிடித்து வருஷத்துக்கு நூறு கப்பல்களுக்கு மேல் நம் பக்கம் வந்ததெல்லாம் அதற்கு அப்புறம். கி.மு. 59 அதற்கு ஒரு தலைமுறை முந்தியது.

அதற்கு அடுத்த நூற்றாண்டு என்றால் உங்கள் பக்கம் நானும் நிற்கிறேன். பெரிப்ளூஸ் என்ற கிரேக்க மாலுமிக் குறிப்பு கொற்கையைக் ‘கொல்கோய்’ என்று பெயர் சொல்லியே குறிக்கிறது. அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. ‘தமிழன் மூழ்கி எடுத்த’ என்று பெருமைப்படும்போது அந்த வரியையும் சேர்த்தே படிக்க வேண்டும். கல் என்று பார்த்தால் பெரில் இந்தியாவை விட்டால் வேறெங்கும் அரிது என்று பிளினி எழுதுகிறார். நம் காங்கேயம் பக்கம் படியூர்க் கல் அதுதான். கொங்கு நாட்டில் தோண்டுகிற இடத்தில் ரோமக் காசுப் புதையல் வந்ததும் சும்மா இல்லை.

பிளினிக்கு இதில் வயிற்றெரிச்சல் அதிகம். இந்தியா, சீனா, அரேபியா மூன்றும் சேர்ந்து வருஷத்துக்கு 10 கோடி செஸ்டெர்ஸை உறிஞ்சுகின்றன, நம் சொகுசுக்கும் நம் பெண்களுக்கும் ஆகும் செலவு இவ்வளவு என்று கணக்குச் சொல்கிறார்.

---

நீலாம்பல்

பெண்களுக்கு! மிளகு தின்றது யார், பொம்பேயஸின் முகத்தை முத்தில் இழைத்தது யார்?

---

மட்டுறுத்துநர்

‘சதி’ பற்றி வந்த ஏழு பதில்களை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை இருக்கிறது. முத்துக்குத் திரும்புங்கள்.

---

சும்மா_பார்க்கிறேன்

கிளியோபாட்ரா முத்தைக் கரைத்துக் குடித்த கதை? ரோமத் தளபதி ஆண்டனி மேல் காதலில் செய்தது அல்லவா?

---

பட்டறை_மாமா

அதைப் படித்த அன்றே சோதித்துவிட்டேன். ஓட்டை போடும்போது விண்டுபோன வளர்ப்பு முத்து ஒன்று கிடந்தது. கடையில் வாங்கிய சாதா வினிகரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் போட்டேன். முதலில் மேலெல்லாம் பொடிக் குமிழி. அரை மணி கழித்துப் பார்த்தால் பளபளப்பு மட்டும் போயிருந்தது, மற்றபடி அப்படியே கிடந்தது. ராத்திரி விட்டுவிட்டேன். காலையில் எடுத்தால் தோல் உரிந்த மாதிரி வெளுத்துப்போய், நகத்தால் சுரண்டினால் மாவாக வந்தது. முழுசாகக் கரைய இன்னும் ஒரு நாள் ஆனது. வீட்டில் திட்டு தனி.

ஆக, கரையும். விருந்தில் உட்கார்ந்தபடி ஒரே மடக்கில் குடிக்கிற அளவுக்கு உடனே கரையாது. பொடி செய்து போட்டால் சீக்கிரம் கரையும். இல்லையென்றால் கரையாமலே விழுங்கியிருப்பாள், ஊருக்குக் கரைத்தேன் என்று சொல்லியிருப்பாள்.

---

கூழாங்கல்

மாமாவுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் அது காதல் பரிசு இல்லை, பந்தயம். ஒரே விருந்தில் 1 கோடி செஸ்டெர்ஸ் செலவு செய்து காட்டுகிறேன் என்று ஆண்டனியிடம் கிளியோபாட்ரா பந்தயம் கட்டினாள். இரண்டு காதிலும் உலகத்திலேயே பெரிய முத்து இரண்டு, கிழக்கத்திய ராஜாக்கள் வழியாக வந்தவை. ஒன்றைக் கழற்றி வினிகரில் போட்டுக் குடித்தாள். இரண்டாவதையும் கழற்றப் போனபோது நடுவர் பிளாங்கஸ் குறுக்கே கை வைத்து, ஆண்டனி தோற்றார் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிழைத்த முத்தை இரண்டாக அறுத்து, ரோமில் பாந்தியன் கோயில் வீனஸ் சிலையின் இரண்டு காதுக்கும் மாட்டினார்கள் என்று பிளினி முடிக்கிறார்.

முத்து கரைப்பதில் கிளியோபாட்ராவுக்கு முன்னோடியும் உண்டு. ஈசோப்பஸ் என்ற நடிகரின் மகன், மெடெல்லா என்ற பெண்ணின் காதிலிருந்து முத்தைக் கழற்றி வினிகரில் கரைத்துக் குடித்ததாகக் கவிஞர் ஹொராஸ் பாடியிருக்கிறார். 10 லட்சம் செஸ்டெர்ஸை ஒரே மடக்கில் விழுங்கும் ஆசையாம்.

இன்னொரு கதையும் சுற்றுகிறது. நோனியஸ் என்ற செனட்டரிடம் 20 லட்சம் பெறுமான ஓபல் மோதிரம் இருந்தது, அதைக் கிளியோபாட்ராவுக்குப் பரிசாகக் கொடுக்க ஆண்டனி பிடுங்கப் பார்த்தார் என்று. பிளினியில் கிளியோபாட்ரா பேச்சே இல்லை. ஆண்டனி அந்தக் கல்லுக்காக நோனியஸைக் கொலைப் பட்டியலில் சேர்த்தார், அவர் சொத்தையெல்லாம் விட்டுவிட்டு மோதிரத்தோடு மட்டும் தப்பி ஓடினார், அவ்வளவுதான். காதலைப் பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்துவிட்டார்கள்.

---

நீலாம்பல்

அதற்கு நேர் எதிரான கேஸ் லோலியா பௌலினா. ரோமப் பேரரசன் காலிகுலாவுக்குக் கொஞ்ச நாள் மனைவியாக இருந்தவள். ஏதோ ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு மரகதமும் முத்தும் மாற்றி மாற்றிக் கோத்து, தலை, கூந்தல், காது, கழுத்து, விரல் என்று ஜொலிக்க ஜொலிக்க வந்தாள். பிளினி நேரில் பார்த்திருக்கிறார். மொத்தம் 4 கோடி செஸ்டெர்ஸ். மாமா கணக்கில் நாலு லட்சம் பவுன்! யாராவது நம்பாமல் பார்த்தால் ரசீதைக் காட்டத் தயாராக இருந்தாளாம்.

வாய்தா சார் சட்டத்தை வைத்துப் படித்தால் அந்த ரசீது வெறும் பீற்றல் இல்லை. ஊதாரி ராஜா கொடுத்த பரிசு அல்ல இது, தாத்தா சொத்து என்று பிளினியே அழுத்திச் சொல்கிறார். புருஷன் கொடுத்திருந்தால் அவன் துரத்திய அன்றே பிடுங்கியிருப்பான். தாத்தா மார்கஸ் லோலியஸ் கிழக்கில் ராஜாக்களிடம் சுருட்டியது அது. அந்த விவகாரம் வெளியே வந்து அவர் விஷம் குடித்துச் செத்தார். பேத்தி விளக்கு வெளிச்சத்தில் போட்டுக்கொண்டு வந்தாள்.

அவள் கதையும் நன்றாக முடியவில்லை. கி.பி. 49இல் பேரரசி அக்ரிப்பினா அவளை நாடு கடத்த வைத்துத் தற்கொலைக்குத் தள்ளினாள். பறித்தது போக அவளுக்கு விட்டது 50 லட்சம் என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். செர்விலியாவின் ஒற்றை முத்துக்கும் குறைவு.

---

பட்டறை_மாமா

இத்தனையும் ராஜா ராணி சமாச்சாரம். சாதாரண வீட்டில் என்ன நடந்தது? எங்களுக்கு வேலை கொடுக்கிறவர்கள் அவர்கள்தானே.

---

வாய்தா

மாமாவுக்காகவே ஒரு காட்சி. பெட்ரோனியஸ் எழுதிய சாட்டிரிகான் கதையில் டிரிமால்கியோ என்று ஒரு புதுப் பணக்காரன், முன்னாள் அடிமை. விருந்து நடக்கிறது. அவன் மனைவி ஃபார்ச்சுனாட்டா தன் தடித்த கையிலிருந்து வளையல்களைக் கழற்றித் தோழி சின்டில்லாவிடம் காட்டுகிறாள். அப்புறம் கொலுசு, கூந்தல் வலை என்று வரிசையாக வருகிறது. டிரிமால்கியோ எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி, ‘பாருங்கள், பெண்ணுக்குப் போட்ட விலங்கு. இப்படித்தான் முட்டாள்கள் நாங்கள் கொள்ளை போகிறோம். ஆறரை ராத்தல் இருக்கும்’ என்கிறான். என்னிடமும் பத்து ராத்தலில் ஒரு காப்பு இருக்கிறது என்று பெருமை வேறு. யாரும் சந்தேகப்படக் கூடாது என்று தராசைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து எடை பார்க்க வைக்கிறான்.

சின்டில்லா சும்மா இருப்பாளா? கழுத்தில் தொங்கிய தங்கச் சிமிழைத் திறந்து இரண்டு காதணியை எடுத்து, ‘எங்க வீட்டுக்காரர் கொடுத்தது, இதைவிட உசத்தி யாரிடமும் கிடையாது’ என்கிறாள். புருஷன் ஹபின்னாஸ் உடனே, ‘இந்தக் கண்ணாடி மொச்சைக்காக என்னைச் சுரண்டி எடுத்துவிட்டாய். எனக்கு மகள் பிறந்தால் காதையே அறுத்துவிடுவேன்’ என்று கத்துகிறான்.

டிரிமால்கியோவின் ‘கொள்ளை போகிறோம்’, உல்பியானின் ‘கொள்ளை போய்விடக் கூடாது’, இரண்டும் லத்தீனில் ஒரே வேர்ச்சொல். சட்டப் புத்தகத்தில் இருந்த பயம் விருந்து மேசைப் புலம்பலாகவும் இருந்திருக்கிறது.

---

பட்டறை_மாமா

ஆறரை ராத்தல் என்றால் 265 பவுன். பத்து ராத்தல் காப்பு 408 பவுன். அதை மாட்டிக்கொண்டு கையை எப்படித் தூக்குவான்? ஆனால் தராசு கொண்டுவரச் சொன்னது மட்டும் நிஜம். எத்தனை கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறேன்!

---

கூழாங்கல்

அந்தக் காதணிக்கு ‘க்ரொட்டாலியா’ என்று பெயர். நம் சிப்ளாக்கட்டை மாதிரியான தாளக் கருவியின் பெயரை வைத்தது. இரண்டு மூன்று முத்தைச் சேர்த்துத் தொங்கவிட்டால் நடக்கும்போது ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே போடுவார்களாம். ஏழைகள்கூட இப்போது முத்துக்கு ஆசைப்படுகிறார்கள், தெருவில் பெண்ணுக்கு முத்துதான் கட்டியக்காரன் என்கிறார்களாம். இதுவும் பிளினி புலம்பல்தான்.

---

நீலாம்பல்

‘பெண்ணுக்குப் போட்ட விலங்கு’ என்று அவன் சொன்னதைப் படித்ததும் மொரெஜினே காப்பு ஞாபகம் வந்தது. யாரும் இன்னும் சொல்லவில்லை, ஆச்சரியம்.

பாம்பேய் நகரத்துக்கு வெளியே மொரெஜினே என்ற இடம். கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது ஒரு சத்திரம் மாதிரியான கட்டடத்தில் சிலர் ஒதுங்கி அங்கேயே இறந்திருக்கிறார்கள். 2000ஆம் வருஷம் தோண்டியபோது ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. சுமார் முப்பது வயது. கையில் பாம்பு வடிவத் தங்கக் காப்பு, நம் நாகவங்கி போல, ஏறக்குறைய அரை கிலோ. அதில் பொறித்திருந்தது மூன்றே சொல்: ‘டோமினுஸ் அன்கில்லே சுவே’. எஜமான், தன் அடிமைப் பெண்ணுக்கு.

இதைச் சிலர் காதல் என்கிறார்கள். அடிமையாக இருந்தாலும் அரை கிலோ தங்கம் கொடுக்கிற அளவுக்கு மயங்கியிருக்கிறான் என்று. சிலர், அவள் அடிமையே இல்லை, காதலர்கள் விளையாட்டாக ‘எஜமான், அடிமை’ என்று சொல்லிக்கொண்டது என்கிறார்கள். ரோமக் காதல் கவிதைகளில் அந்த விளையாட்டு தலைகீழாக உண்டு, அங்கே காதலிதான் எஜமானி. இன்னும் சிலர், தங்கத்தில் செய்தாலும் அது சொத்தின் மேல் போட்ட முத்திரைதான் என்கிறார்கள். நான் மூன்றாவது கட்சி. ‘என் அடிமை’ என்று எழுதி மாட்டிவிட்டால் அது என்ன பரிசு?

---

வாய்தா

சட்டம் உங்கள் கட்சிதான். அடிமைக்குச் சொத்து கிடையாது. கையில் இருப்பதும் எஜமானுடையது, கையும் எஜமானுடையது. காப்பை அவள் கையில் மாட்டியது ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றியது மாதிரிதான். ஆகவே மூன்று பேர்: மனைவிக்குக் கொடுத்தால் செல்லாது, வைப்புக்குக் கொடுத்தால் செல்லும், அடிமைக்குக் கொடுத்தால் கொடுத்ததே இல்லை.

விடுதலை செய்த பிறகு அதை அவளிடமே விட்டுவைத்திருந்தால் கதை வேறு. எழுத்தில் ‘அடிமை’ என்றுதான் இருக்கிறது.

---

கூழாங்கல்

ஆனால் எரிமலை வெடித்து ஊரே ஓடும்போது அவள் அதைக் கழற்றாமல் போட்டுக்கொண்டுதான் ஓடியிருக்கிறாள்.

---

நீலாம்பல்

அரை கிலோ தங்கம் கூழாங்கல். நீங்களும் கழற்றியிருக்க மாட்டீர்கள்.

---

பட்டறை_மாமா

62 பவுன். நான் கழற்றியிருக்க மாட்டேன்.

அந்த எழுத்து காப்பின் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. படம் பார்த்தேன், உள்பக்கம். கையோடு ஒட்டுகிற பக்கம். விலங்கு என்றாலும் முத்திரை என்றாலும் வெளியே தெரிகிற மாதிரிதானே வெட்டுவார்கள்? மாட்டுக்குச் சூடு போடுகிறவன் வயிற்றுக்கு அடியில் போட மாட்டான்.

எங்களிடம் மோதிரத்துக்கு உள்ளே பெயர் வெட்டச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. கல்யாண மோதிரம் என்றால் இரண்டு வீட்டுக் கூட்டமும் கூட வரும், வெளியே தெரிகிற டிசைனுக்குச் சண்டை நடக்கும். உள்ளே வெட்டச் சொல்கிறவன் தனியாக வருவான், கடை சாத்துகிற நேரத்துக்கு. என்ன எழுத என்று கேட்டால் வாயால் சொல்ல மாட்டான். துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுவான். வேலை முடிந்ததும் அந்தச் சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போவான்.